ஒன்பதாம் எண் பற்றிய ஒருபக்கக் குறிப்பு

செப்டம்பர் 12, வெள்ளி. கடலூர்

காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக்கொண்டு மிரட்டியதோடு சரி, ஒரு துளி இல்லை. நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள், இரண்டுக்கும் வாய்தா. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் காய்ச்சல் என்று மனு. மதியம் அதே மனிதர் கேன்டீனில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

நாளை சிதம்பரம். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் காட்சிப் போட்டி. பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் நடப்பது. எதிரணி புதுச்சேரி கிளப். மாலை 4. நான் படித்த கல்லூரி. படிப்பு முடிந்த நாளிலிருந்து ஒரு காட்சிப் போட்டியையும் தவறவிட்டதில்லை. (திருத்தம்: ஒன்று. அப்பா காலமான ஆண்டு.)

இந்த முறை இரண்டு விசேஷங்கள்.

1. தங்கை மகள் அபிநயா. சட்டை எண் 9, இரண்டாமாண்டு பி.காம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பன்னிரண்டு பேர்தான் போக முடியும். போன ஆண்டு அவள் பதின்மூன்றாவது. அன்றிலிருந்து, விடுதிக் கதவு திறக்கும் நேரத்துக்கு மைதானத்தில் நிற்கிறாள். வரும் வியாழன் பட்டியல் ஒட்டுவார்கள்.

2. ரசிகர் குறிப்பு. காட்சிப் போட்டி முடிந்ததும் கல்லூரி வாசல் எதிரே உள்ள டீக்கடையில் ரசிகர்கள் கூடிக் கருத்துச் சொல்வதும், அதை ஒருவர் ஒரு பக்கத்தில் தொகுத்துப் பயிற்சியாளர் அருள்தாஸிடம் கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்குமுன் அவர் அதைப் படிப்பார். எழுதிவந்த தமிழாசிரியர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த ஆண்டு என் தலையில். ரசிகர் வட்டச் செயலாளர் குப்புசாமி சொன்னது: "வக்கீல் சார் எழுதுனா மறுபேச்சு கெடையாது."

1-க்கும் 2-க்கும் உள்ள முரண் எனக்குத் தெரியாமல் இல்லை. எனவே விதிகள் வகுத்துக்கொண்டேன்:

அ. கண்ணால் கண்டது மட்டும். கேள்விப்பட்டது கூடாது.
ஆ. சொன்னவர் பெயர் கூடாது, எண்ணிக்கை போதும்.
இ. ஆட்டக்காரர்களின் உறவினர், ஊரார் கூற்றுகள் சேர்க்கப்படா. என்னுடையதும் சேர்த்து.
ஈ. குறிப்பை ஒப்படைக்கும்வரை அபியுடன் பேச்சு இல்லை.

நாளை மறவாமல்: குடை, அட்டை, இரண்டு பேனா, ரத்த அழுத்த மாத்திரை.

செப்டம்பர் 13, சனி

கோபமாக இருக்கும்போது எழுதுவதில்லை என்று ஒரு பழக்கம். நாளை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோபம் குறையவில்லை. ஆயினும் எழுதுகிறேன். நடந்தது நடந்த வரிசையில்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. செம்மங்குப்பம் தாண்டும்வரை ரசாயன ஆலை நாற்றத்துக்குப் பயந்து வழக்கம்போல் எல்லோரும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். 3.10-க்கு மைதானம். 4 மணி என்று அச்சிட்ட ஆட்டம் 4.50-க்குத் தொடங்கியது. தலைமை விருந்தினர், யாரோ ஒரு தொழிலதிபர், வரவில்லை. பிள்ளைகள் மூன்று முறை உடம்பைச் சூடேற்றி மூன்று முறை ஆறவைத்தார்கள். கடைசியில் வெளியூர் நடுவர், "இருட்டிடும் சார்" என்று விசிலை ஊதிவிட்டார். அந்த மனிதர் ஒருவருக்குத்தான் அன்று கடிகாரம் இருந்தது.

மூன்றாம் கால்பகுதி அபியினுடையது. இரண்டு முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தாள். தொடர்ந்து மூன்று கூடை. பக்கத்திலிருந்தவர் என் முதுகில் அறைந்து, "யாரு சார் அந்த ஒம்பது? பட்டாசு மாரி வெடிக்குது!" என்றார். நான் கைதட்டவில்லை. குறிப்பெழுதுபவன் கைதட்டக் கூடாது.

கடைசி ஒரு நிமிடம். நம் அணி ஒரு புள்ளி முன்னால், பந்து அபியிடம். அப்போதுதான் தலைமை விருந்தினர் வந்தார். மேளம், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, தட்டேந்திய மாணவியர் வரிசை, எல்லாம் எங்கள் படிக்கட்டுக்கு முன்னால் ஊர்ந்து சென்றன. அருள்தாஸை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சால்வை போர்த்துபவர் பயிற்சியாளர் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்ததாம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பயிற்சியாளர் கையில் சால்வை! பெஞ்சருகே அவருக்குப் பதிலாக உடற்கல்வி இயக்குநர் நின்றார். எல்லோரும் பி.டி. சார் என்பார்கள். கூடைப்பந்து அறிந்தவர் என்று எனக்குத் தகவல் இல்லை.

ஏறத்தாழ இருபது விநாடி எனக்கு ஆட்டம் தெரியவில்லை. ஒரு மேளக்காரரின் முதுகு தெரிந்தது. அவர் நகர்ந்தபோது அபி நடு ஆடுகளத்தில் நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூடைக்கடியில் கேப்டன் கையை உயர்த்திக்கொண்டு, தடுக்க ஆளின்றி. அபி அவளுக்குப் போடவில்லை, தானும் போகவில்லை. இருபத்துநான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. எறியவில்லை. விசில். பந்து புதுச்சேரிக்கு. இரண்டு கை மாறி ஒரு கூடை. ஒரு புள்ளியில் தோல்வி.

படிக்கட்டில் கேட்டவை:

"ஏய் ஒம்பது! பந்த வெச்சிக்கிட்டு குடும்பம் நடத்துறியா?"
"கோலம் போடுது சார் அது. புள்ளி வெச்சிட்டு கோட்ட மறந்துடுச்சு."
"தலகனம். மூணு கூட போட்டதும் ஏறிடுச்சு."
"இதெல்லாம் சிபாரிசு கேசு."

கடைசியாகச் சொன்னவன் பேட்டரிக் கடை ரவி. எழுந்து அவன் சட்டையைப் பிடிக்கும் எண்ணம் எனக்கு எழுந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். பிடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் குற்ற வழக்கு வேண்டாம்.

விருந்தினர் பேச்சு இருபது நிமிடம். விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜமாம். தோல்விக்குக் காரணமாக வந்து சேர்ந்துவிட்டுத் தோல்வி சகஜம் என்பதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும்.

பின் டீக்கடை. அட்டையை மடியில் வைத்து வரிசையாகக் கேட்டேன். இருபத்துமூன்று பேர். சேத்தியாத்தோப்பிலிருந்து தங்கை கணவர் தனசேகர் தலைமையில் ஒரு வேனில் ஏழு பேர் வந்திருந்தார்கள். அவருடைய டிராக்டர் உதிரிபாகக் கடையைச் சுற்றியுள்ளவர்கள். அவர்களும் வரிசையில் நின்றார்கள். விதி இ-யைச் சொன்னேன்.

மெக்கானிக் செல்வம்: "சார், நாங்க பெஞ்சுக்கு நேர் பின்னாடிதான் குந்தியிருந்தோம். என்னா நடந்துச்சின்னா..."

"வேண்டாம். நீங்கள் அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்."

"அதுக்கு என்னா சார், கண்ணு ஊருக்கு ஊரு மாறுமா?"

தனசேகர் முன்னால் வந்தார். "மச்சான், ஒரு நிமிஷம் கேளுங்களேன். அவுங்க சொல்றது..."

"மச்சான், நீங்கள் தகப்பன். உங்கள் சொல் இதில் எடுபடாது. நாளைக்கு எவனும் என்னையும் உங்களையும் சேர்த்துப் பேசக் கூடாது."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேனுக்குப் போனார்கள். எனக்கும் வருத்தமே. ஆனால் சரியானதைச் செய்தேன்.

இன்று காலை உட்கார்ந்து தொகுத்தேன். அபியின் அழைப்பு 10.40-க்கு. மீண்டும் 11.15-க்கு. எடுக்கவில்லை. விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஒரு தரப்பினருடன் மட்டும் பேசுவது முறையன்று. சாந்தி அடுக்களையிலிருந்தே கத்தினாள்: "பொண்ணு ரெண்டு வாட்டி அடிக்குது. எடுத்தா என்னா கொறஞ்சா போவுது?" மனைவிக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை இல்லை.

குறிப்பின் சாரம்:

1. புதிய சென்டர் ஆட்டக்காரர்: உயரம் நன்று, கால் கனம் (8 பேர்).
2. ஃப்ரீ த்ரோ படு மோசம் (17).
3. கேப்டனின் தற்காப்பு போன ஆண்டைவிட மேல் (6).
4. புதிய சட்டையில் எண்கள் தெரியவில்லை, மஞ்சள்மேல் வெள்ளை எழுதியவர் யார்? (5)
5. எண் 9: மூன்றாம் கால்பகுதியில் சிறப்பு (4).
6. எண் 9: இறுதி நிமிடத்தில் காரணமின்றிப் பந்தை வைத்திருந்து ஆட்டத்தை இழக்கச் செய்தார் (11).

அடிக்குறிப்பு: ஆட்டக்காரர்களின் உறவினர், ஊரார் கூற்றுகள் நம்பத்தக்கன அல்ல என்பதால் சேர்க்கப்படவில்லை.

6-ஐ எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். "காரணமின்றி" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பதினொருவரும் அப்படித்தான் சொன்னார்கள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

நீதிமன்றம் அரை நாள். மூன்று மணிக்குச் சிதம்பரம். அருள்தாஸ் நின்றபடியே படித்தார். "ரொம்ப சுத்தமா இருக்கு சார். வழக்கமா வர்றதுல பாதி சண்டையா இருக்கும்."

குப்புசாமி எல்லோர் முன்னும் சொன்னார்: "சொந்த மருமவளையே விட்டு வெக்கலியே! இப்புடி ஒரு ஆள எங்க பாக்கறது?"

மகிழ்ந்தேன். பொய் எழுத மாட்டேன், மகிழ்ந்தேன்.

மைதானத்தின் மறுகோடியில் அபி ஃப்ரீ த்ரோ பயிற்சியில். என்னைப் பார்த்தாள். கை அசைத்தேன். அவள் கையில் பந்து இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. முதுநகரிலிருந்து வரும் மீன்கார அம்மா தெருவில் கூவவில்லை. செருப்பு வார் அறுந்தது. ஒரு சாட்சி குறுக்கு விசாரணையில் தன் பெயரையே மாற்றிச் சொன்னான்.

ரசிகர் வட்ட வாட்ஸப் குழுவில் அபி நின்று பந்து தட்டும் ஆறு விநாடிப் படத்தை ரவி போட்டிருக்கிறான். கீழே "செலவே இல்லாம ஒரு செல" என்று எழுத்து. நாற்பத்தொரு பேர் சிரித்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவனாவது வாழ்நாளில் கூடையை நோக்கிக் குப்பைக் காகிதமாவது எறிந்திருப்பானா? நீண்ட பதில் ஒன்றைத் தட்டினேன். அவதூறு, இளம் பெண்ணின் கண்ணியம், சட்டப் பிரிவுகள். அழித்துவிட்டேன். நான் பதில் போட்டால் மாமன் பேசுகிறான் என்பார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அபி இல்லை.

6.20-க்குத் தனசேகர் அழைத்தார். இருபது ஆண்டுகளில் அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"திருப்தியா மச்சான்?"

"மச்சான், பயிற்சியாளர் எடுக்கும் முடிவு அது, நான்..."

"நீங்க எழுதிக் குடுத்ததுதான். பதினோரு பேரு காரணமில்லாம நின்னான்னு சொல்றாங்கன்னு உங்க கையெழுத்துலயே இருக்குதாம். காரணமில்லாமயா? காரணம் என்னான்னு சொல்லத்தான அன்னிக்கி நாங்க அத்தன பேரும் டீக்கடையில நின்னோம்! தொரத்தி உட்டீங்களே!"

"என்ன காரணம்?"

"இப்ப கேக்குறீங்களா?"

சொன்னார். அருள்தாஸ் சால்வையோடு வாசலில் நின்ற நேரத்தில் பி.டி. சார் கோட்டருகே போய் அபியிடம், எறியாதே, பந்தை வைத்துக்கொள், விருந்தினர் வந்து உட்காரட்டும், அவர் பார்க்கும்போது போடு என்றிருக்கிறார். புகைப்படக்காரரும் தயாராக இருந்தாராம். பெண் சொன்னபடி நின்றாள். மேளச் சத்தத்தில் இருபத்துநான்கு விநாடிக் கணக்கு அவளுக்குத் தவறிவிட்டது.

"அருள்தாஸ் கேட்டபோது அவள் சொல்லியிருக்கலாமே?"

"அவரு கேட்டப்ப பி.டி. சாரு பக்கத்துலயே நின்னு வானத்த பாத்துக்கிட்டு இருந்தாராம். இவ என்னா சொல்லுவா? தப்புதான் சார்னு சொல்லிட்டா. மாமா எழுதறாரு, மாமா கிட்ட சொல்லிக்கலாம்னு நெனச்சிருக்கா மச்சான்."

வைத்துவிட்டார்.

10.40. 11.15. இரண்டு அழைப்புகள்.

பி.டி. சாரை ஏசித் தாளில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அருள்தாஸை ஏசி அரைப் பக்கம். ஒருவன் பாக்கி இருந்தான். அவனைப் பற்றி எழுத எடுத்த தாள் வெள்ளையாகவே கிடக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

நீதிமன்றத்துக்கு விடுப்பு. சேத்தியாத்தோப்பு. வெயில், வெள்ளாற்றுப் பாலத்தில் லாரி நெரிசல். தனசேகர் கடையில் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார் என்று எண்ணுகிறேன். தங்கை தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டும் நியாயம்.

செல்வத்தைப் பட்டறையில் பிடித்தேன். டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னா சார், இன்னிக்கி எங்க கண்ணு தெரியுமா?"

"தெரியும். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

"ஊர்க்காரன் சொல்றது செல்லாதே சார்."

"செல்வம், நான் செய்தது தவறு. அதைச் சொல்லவும்தான் வந்தேன்."

வெளியே வந்து கையைத் துடைத்தார். பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடலூரில் என்னிடம் வரும் சாட்சிகளில் இப்படி ஒருவர் அமைந்ததில்லை. பி.டி. சார் சொன்னதாக அவர் கூறியது: "ஏம்மா, பாஸ் பண்ணாத, அப்புடியே வெச்சிரு. ஐயா உக்காரட்டும். அவரு பாக்கறப்ப போடு, போட்டோ வேணும்." அன்று அதே வேனில் வந்திருந்த கரும்பு வண்டி டிரைவரும் அதையே தனியாகச் சொன்னார். மற்ற ஐவரும் தனித்தனியே. சொற்களில் சிறு வேறுபாடு, பொருளில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அபி அழுதாள் என்பதும் செல்வத்தின் கூற்று.

ஏழு கையொப்பங்கள். ஒன்றில் கிரீஸ் விரல் ரேகை.

கிளம்பும்போது செல்வம்: "சார், பொண்ணு பேரு பட்டியல்ல வந்துடுமா?"

பெயர் மாற்றத்துக்குத் திங்கள் மாலை 5 வரை அவகாசம் உண்டு என்றேன். வரும் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி. சிதம்பரம்

அருள்தாஸ் ஏழு வாக்குமூலங்களையும் படித்தார். இந்த முறை உட்கார்ந்து.

"நான் நம்பறேன் சார். அந்தப் பொண்ணு சும்மா நிக்கிற ஆளு இல்லன்னு எனக்கே உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. உங்க பேப்பர்ல பதினோரு பேருன்னு பாத்ததும், சரி, நம்ம கண்ணுலதான் பாசம்னு உட்டுட்டேன்."

"மாற்ற முடியுமா?"

"பட்டியல்ல பி.டி. சார் கையெழுத்து போட்டாச்சு. மாத்தணும்னா அவரும் போடணும்."

பி.டி. சாரின் அறை. மேசைமேல் சட்டமிட்ட புகைப்படம் புதிதாக: விருந்தினர், சால்வை, பின்னணியில் மங்கலாக ஆடுகளம்.

"நான் பொதுவா சொன்னேன் சார். விருந்தாளி வர்றாரு, கொஞ்சம் பாத்து ஆடுங்கம்மான்னு. அதுக்கு செல மாரி நில்லுன்னு அர்த்தமா?"

"ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்."

"யாரு அந்த ஏழு பேரு?"

"சேத்தியாத்தோப்பு..."

இழுப்பறையைத் திறந்து என் குறிப்பின் நகலை எடுத்தார். அடிக்குறிப்பில் விரலை வைத்துப் படித்தார், நிறுத்தி நிறுத்தி, என் நடையை அனுபவித்து: "உறவினர், ஊரார் கூற்றுகள் நம்பத்தக்கன அல்ல. இத எழுதுனது நீங்கதான சார்? திங்கக்கெழம செல்லாதது சனிக்கெழம செல்லுமா? உங்க கோர்ட்டுல ஒத்துக்குவாங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. உறவு என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியைத் தள்ளக் கூடாது, கவனமாக எடைபோட வேண்டும் என்பதுதான் சட்டம். ஜூனியர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. சொன்னேன்.

"அப்ப ஏன் சார் தள்ளுனீங்க?"

இதற்குப் பதில் இருந்தது. சொல்லவில்லை. எவனாவது என்னை ஒருபக்கச் சார்பு என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அதற்கு விதி இ என்று பெயர் வைத்திருந்தேன்.

கூடவே: "மருமவளுன்னா பாசம் ஜாஸ்திதான் இருக்கும், தப்பு சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். எந்தப் பேச்சைத் தவிர்க்க அவளைப் பலிகொடுத்தேனோ அந்தப் பேச்சு. அதுவும் இந்த வாயிலிருந்து.

திரும்பும்போது பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

காலை: முதல்வருக்கு மனு, ஏழு இணைப்புகளுடன், நேரில். எழுத்தர் வாங்கி முத்திரை குத்தினார். முதல்வர் சென்னையில்.

பிற்பகல்: ரசிகர் குழுவில் திருத்தக் குறிப்பு வெளியிட்டேன். எண் 9-இன் தாய்மாமன் நான் என்றும், ஏழு நேரடிச் சாட்சிகளைக் கேட்காமலே தள்ளினேன் என்றும், கருத்து 6-ஐத் திரும்பப் பெறுகிறேன் என்றும். ரவியின் பதில் ஒரு நிமிடத்தில்: "வக்காலத்து போட்டாச்சு டோய்." குப்புசாமி மட்டும் தனியே அழைத்தார். "எதுக்கு சார் இப்ப இதெல்லாம்? எவ்ளோ நல்ல பேரு எடுத்தீங்க." அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்... வேண்டாம். தாளில் எழுதத் தகாதது.

4.50-க்கு அருள்தாஸ். "கையெழுத்து போடல சார். அந்தப் பன்னெண்டுதான் போவுது. மன்னிச்சிக்குங்க."

அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியது என்னிடமல்ல. நானும்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை லேசான தூறல். 9.15. அலுவலகம் திறந்து மின்விசிறி போடுகிறேன், அபி வாசலில். சிதம்பரத்திலிருந்து முதல் வகுப்பைவிட்டு வந்திருக்கிறாள். தோளில் பயிற்சிப் பை. கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வாக்குமூலம் எழுதணும் மாமா."

"அபி, அவகாசம் நேற்றோடு முடிந்துவிட்டதம்மா."

"தெரியும். எழுதுங்க."

எழுதினேன். தயங்காமல் சொன்னாள். பயிற்சியாளர் இல்லாதபோது பெஞ்சில் நிற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது அணி ஒழுங்கு. நின்றவர் பி.டி. சார். சொன்ன சொற்கள் இவை. கேப்டன் கை தூக்கியது தெரிந்தது. விருந்தினர் உட்காரவில்லை, சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். விசில்.

அடுத்த வரியைச் செல்வத்தின் கூற்றிலிருந்து நானே சேர்த்தேன்: ஆட்டம் முடிந்ததும் அழுதேன்.

தாளை எட்டிப் பார்த்தாள். "அது என்னா? நான் எங்க அழுதேன்? வேர்வைய தொடச்சேன். செல்வண்ணன் அதுவா நெனச்சிக்கிட்டாரு. அடிங்க அத."

அடித்தேன்.

"கோவம்னு எழுதுங்க."

"யார்மீது என்று குறிப்பிட வேண்டும்."

"அவரு மேல. அப்பறம் உங்க மேல."

இரண்டையும் எழுதினேன்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி அடிச்சேன் மாமா. இருவத்திமூணு பேர கேட்டிருக்கீங்க. சட்ட கலரு நல்லால்லன்னு சொன்னவன கூட கேட்டிருக்கீங்க. அங்க நின்னது நானு. ஏன் நின்னன்னு என்னிய கேக்கல."

ஒருவரைக் கேளாமல் அவருக்கு எதிராக முடிவு செய்யக் கூடாது. சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே சொல்லித் தந்தது. இருபத்தாறு ஆண்டுத் தொழில்.

"அதையும் எழுதவா?" என்றேன்.

"எழுதுங்க."

எழுதினேன்: ரசிகர் குறிப்பை எழுதியவர், என் தாய்மாமன், அதை எழுதுமுன் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை.

படித்துப் பார்த்தாள். கையெழுத்திட்டாள். கோடிட்டு அடித்த வரிக்கு எதிரே சிற்றொப்பம் வைக்கச் சொன்னேன், வைத்தாள். இரண்டாக மடித்துப் பையில் வைக்கப் போனவளிடம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன். அந்த லிஸ்ட்டு பக்கத்துல."

ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்றேன். விடுதியில் கேள்வி வரலாம். அடுத்த ஆண்டு அணித் தேர்வும் அதே பி.டி. சார் கையில்தான். மூன்றையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க யாருக்கு வக்கீலு மாமா?"

மணி 9.50. பத்தரைக்கு என் வழக்கை முதலில் அழைப்பார்கள். தாளை அவளிடமிருந்து வாங்கி, கீழே என் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி, என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது என்று முத்திரை வைத்தேன். பிறகு அலமாரியிலிருந்து பசைக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். மழை ஈரத்தில் பலகை ஊறியிருக்கும், நான்கு மூலையோடு நடுவிலும் தடவு என்றேன்.